நொடிப்பு மனு: வழக்கறிஞர் இன்றித் தொடங்கும் முறை

நொடிப்பு மனு என்பது, கடன்களைத் தீர்க்க இயலாத நிலைக்கு வந்துவிட்ட ஒருவர் அந்நிலையை நீதிமன்றத்தில் தாமே அறிவித்து, தம் சொத்துகளை நீதிமன்றத்தின் பொறுப்பில் ஒப்படைத்து, கடன்களிலிருந்து சட்டப்படி விடுவிப்புப் பெறுவதற்காகத் தாக்கல் செய்யும் மனு ஆகும். நீதிமன்ற வட்டாரத்தில் இது 'ஐ.பி.' எனப்படுகிறது. மக்கள் வழக்கில் 'மஞ்சள் கடுதாசி கொடுப்பது', 'மஞ்சள் நோட்டீஸ் விடுவது', 'திவால் ஆவது' என்ற சொற்கள் வழங்குகின்றன. பின்னலாடைத் தொழில் நடைபெறும் திருப்பூர் வட்டாரத்தில் இச்சொற்கள் பெரும்பாலும் இழிவுப் பொருளிலேயே ஆளப்படுகின்றன. சட்டமோ இம்மனுவைக் குற்றமாகக் கருதவில்லை. நேர்மையாக நொடித்துப்போன ஒருவருக்குத் திறந்து வைக்கப்பட்ட வழியாகவே இதைக் கருதுகிறது.

இம்மனுவை வழக்கறிஞர் இல்லாமலே ஒருவர் தாக்கல் செய்யலாம். தம் வழக்கில் தாமே நேரில் முன்னிலையாகும் உரிமையை உரிமையியல் நடைமுறைச் சட்டம் ஒவ்வொருவருக்கும் தருகிறது. மனுவின் பெரும்பகுதி சட்ட வாதம் அன்று, கணக்கு. கொடுக்க வேண்டியது எவ்வளவு, இருப்பது எவ்வளவு என்ற இரண்டு பட்டியல்களையும் மறைப்பின்றி எழுதுவதே இதன் உயிர்நாடி. அவ்வேலையைக் கடனாளியைத் தவிர வேறு எவராலும் செய்ய முடியாது.

திருப்பூர்ப் பின்னணி

நொய்யல் ஆற்றங்கரையில் அமைந்த திருப்பூர், 2009-இல் தனி மாவட்டத்தின் தலைநகரம் ஆனது. இங்கு ஒரு பனியன் உருவாக நூல், நிட்டிங், சாயம், காம்பாக்டிங், கட்டிங், தையல், காஜா பட்டன், செக்கிங், அயர்னிங், பேக்கிங் எனப் பல படிகள் உண்டு. இவற்றுள் பல, தனித்தனிச் சிறு உரிமையாளர்களிடம் 'ஜாப் ஒர்க்' முறையில் நடைபெறுகின்றன. பத்துப் பன்னிரண்டு இயந்திரங்களை வைத்துத் தைத்துக் கொடுக்கும் பவர்டேபிள் உரிமையாளர் இச்சங்கிலியின் ஒரு கண்ணி.

தையல்காரருக்குக் கூலியை வாரந்தோறும் கொடுத்தாக வேண்டும். பெரிய நிறுவனத்திடமிருந்து வரவேண்டிய தொகையோ இரண்டு, மூன்று மாதம் கழித்து வருகிறது. இந்த இடைவெளியைக் கைமாற்று, புரோநோட்டு, ஏலச்சீட்டு, தண்டல் ஆகியவற்றால் நிரப்புவது வழக்கம். சங்கிலியில் எங்கேனும் ஒரு கண்ணி அறுந்தால் சுமை சிறு உரிமையாளர் தலையில் விழுகிறது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற ஆணையால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோதும், 2016 நவம்பர் பணமதிப்பு நீக்கத்தின்போதும், 2020 ஊரடங்கின்போதும் இது நேர்ந்தது. 2025 ஆகஸ்டில் இந்தியப் பொருள்கள் மீதான வரியை அமெரிக்கா 50 விழுக்காடாக உயர்த்தியபோதும் ஏற்றுமதி ஆர்டர்களை நம்பியிருந்த சிறு அலகுகள் நெருக்கடிக்கு உள்ளாயின.

அத்தகைய நேரங்களில் சிலர் இரவோடு இரவாக ஊரைவிட்டுப் போகின்றனர். சிலர் உயிரையே மாய்த்துக்கொள்கின்றனர். இவ்விரண்டுக்கும் மாற்றாக ஒரு சட்ட வழி இருப்பதைப் பலர் அறிவதில்லை.

எந்தச் சட்டம் பொருந்தும்

இந்தியாவில் நொடிப்புச் சட்டம் 1828-இல் சென்னை, கொல்கத்தா, மும்பை ஆகிய மாகாணத் தலைநகரங்களுக்காகத் தொடங்கியது. பின்னர் 1909-இல் அந்நகரங்களுக்கெனத் தனிச் சட்டமும், பிற பகுதிகளுக்கு 1907-இல் ஒரு சட்டமும், அதற்கு மாற்றாக 1920-இல் மாகாண நொடிப்புச் சட்டமும் இயற்றப்பட்டன. திருப்பூர் உள்ளிட்ட மாவட்டங்களுக்கு 1920-ஆம் ஆண்டுச் சட்டமே பொருந்தும்.

2016-இல் நொடிப்பு மற்றும் திவால் சட்டத்தொகுப்பு வந்தது. அதன் மூன்றாம் பகுதி தனிநபர்களுக்கும் கூட்டாண்மை நிறுவனங்களுக்கும் உரியது. ஆனால் அப்பகுதி, நிறுவனக் கடனுக்குத் தனிப்பட்ட உத்தரவாதம் அளித்தவர்களுக்கு மட்டுமே 2019 டிசம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஏனைய தனிநபர்களுக்கு அது நடைமுறைப்படுத்தப்படாததால் பழைய சட்டங்களே செயல்படுகின்றன. இணையத்தில் 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 'புதிய தொடக்கம்' முறையைப் படித்துவிட்டு அதன்படி மனு எழுதுவோர் இவ்வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும்.

தனியார் வரையறுக்கப்பட்ட நிறுவனமாகப் பதிவு பெற்ற கம்பெனியின் கடனுக்கு 1920-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் மனுச் செய்ய இயலாது. தனி உரிமையாளராகத் தொழில் செய்பவர், கூலித் தொழிலாளி, மாதச் சம்பளக்காரர் போன்றோர் செய்யலாம்.

யார், எங்கே மனுச் செய்யலாம்

சட்டத்தின் 10-ஆம் பிரிவுப்படி, கடனைத் தீர்க்க இயலாத ஒருவருக்குக் கீழ்க்காணும் மூன்றில் ஒன்று பொருந்தினால் போதும்.

1. கடன் தொகை ரூ.500 அல்லது அதற்கு மேல் இருத்தல். (1920-இல் வைத்த வரம்பு இன்றும் மாறவில்லை.)
2. பணம் செலுத்துமாறு பிறந்த தீர்ப்பை நிறைவேற்றுவதற்காகக் கைதாகி இருத்தல்.
3. அத்தகைய தீர்ப்புக்காகச் சொத்து ஜப்தி செய்யப்பட்டு, அந்த ஆணை நடப்பில் இருத்தல்.

கடனாளி வழக்கமாகக் குடியிருக்கும் இடமோ, தொழில் செய்யும் இடமோ, கூலிக்கு உழைக்கும் இடமோ எந்த நீதிமன்ற எல்லையில் உள்ளதோ அங்கே மனுச் செய்ய வேண்டும். சட்டப்படி இவ்வதிகாரம் மாவட்ட நீதிமன்றத்துக்கு உரியது. மாநில அரசு அதைச் சார்பு நீதிமன்றங்களுக்கும் வழங்கலாம். தமிழ்நாட்டில் நொடிப்பு மனுக்கள் பொதுவாகச் சார்பு நீதிமன்றங்களில் எண்ணிடப்படுகின்றன. திருப்பூர் மாவட்டத்தில் தாராபுரம், உடுமலைப்பேட்டை போன்ற ஊர்களிலும் சார்பு நீதிமன்றங்கள் இருப்பதால், எந்த ஊர் எந்த நீதிமன்றத்தைச் சேர்ந்தது என்பதை நீதிமன்ற அலுவலகத்தில் முதலில் கேட்டறிவது நல்லது.

மனுவுக்கு முன் எண்ணிப் பார்க்க வேண்டியவை

நொடிப்பு மனு கடைசி வழி. ஒருமுறை தாக்கல் செய்தபின் நீதிமன்ற அனுமதி இல்லாமல் அதைத் திரும்பப் பெற முடியாது. ஆகவே பின்வருவனவற்றை முன்னதாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வரவேண்டிய பாக்கி: உத்யம் பதிவு பெற்ற குறு, சிறு அலகுக்கு, வேலையை ஏற்றுக்கொண்ட நிறுவனம் அதிக அளவாக 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்கிறது 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டம். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி வீதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டுவட்டியும் சேரும். இதற்கென உள்ள வசதியாக்க மன்றத்தில் முறையிடலாம். பிறரிடமிருந்து வரவேண்டிய தொகை வந்தாலே சிலருக்கு நொடிப்பு மனு தேவைப்படாது.

சமரசம்: மக்கள் நீதிமன்றத்தில் வங்கியோடும் தனியாரோடும் பேசித் தவணை முடிவு செய்யலாம். அங்கு ஏற்படும் உடன்பாடு நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம். அதன்மீது மேல்முறையீடு இல்லை.

கந்துவட்டி: நாள்வட்டி, மணிவட்டி, கந்துவட்டி, மீட்டர்வட்டி, தண்டல் ஆகியவற்றைத் தமிழ்நாட்டின 2003-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. மூன்றாண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. அத்தகைய கடனுக்கு முதல் தீர்வு காவல்துறையில் புகார் அளிப்பதே.

மிரட்டல்: வங்கிகளின் வசூல் முகவர்கள் காலை 8 மணிக்கு முன்போ மாலை 7 மணிக்குப் பின்போ கடனாளியை அழைக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் 2022-ஆம் ஆண்டு அறிவுறுத்தல்.

முதல் வேலை: இரண்டு பட்டியல்கள்

மேற்கண்ட வழிகள் பயன்படாது எனத் தெரிந்தபின் ஒரு நாற்பது பக்க நோட்டில் இரண்டு பட்டியல்களை எழுதத் தொடங்க வேண்டும். பின்வருவது விளக்கத்துக்காகப் புனையப்பட்ட எடுத்துக்காட்டு. பத்து இயந்திரங்களுடன் தையல் அலகு நடத்திய ஒருவரின் கணக்கு இவ்வாறு அமையலாம்.

கொடுக்க வேண்டியவை:
வங்கி இயந்திரக் கடன் (இயந்திரங்கள் அடமானம்) – ரூ.6,40,000
புரோநோட்டுக் கடன், மூவரிடம் – ரூ.5,50,000
உறவினர் கைமாற்று – ரூ.2,00,000
ஏலச்சீட்டு எடுத்தபின் கட்டாத தவணைகள் – ரூ.1,80,000
தையல்நூல், எலாஸ்டிக், லேபிள் கடை பாக்கி – ரூ.95,000
தையல்காரர் கூலிப் பாக்கி – ரூ.62,000
கைப்பேசிச் செயலிக் கடன் – ரூ.48,000
மொத்தம் – ரூ.17,75,000

இருப்பவை:
ஊரில் உள்ள நிலத்தில் பங்கு – ரூ.4,00,000
இயந்திரங்கள், இன்றைய விலை – ரூ.2,80,000
நிறுவனங்களிடமிருந்து வரவேண்டியது – ரூ.1,40,000
இருசக்கர வாகனம் – ரூ.35,000
வங்கி இருப்பு – ரூ.3,200
மொத்தம் – ரூ.8,58,200

பற்றாக்குறை ரூ.9,16,800. இந்த ஒற்றை எண்தான் 'தீர்க்க இயலாத நிலை' என்பதற்கு முதல் சான்று.

பட்டியல் எழுதும்போது மூன்று இடங்களில் பலர் தவறுகின்றனர். ஒன்று, உறவினர் கடனை வெட்கத்தால் விட்டுவிடுவது. எழுதாத கடனின் உரிமையாளர் பின்னர் தடை கூறலாம். கடனாளியின் நேர்மையும் ஐயத்துக்கு உள்ளாகும். இரண்டு, இயந்திரத்தை வாங்கிய விலையில் காட்டுவது. இன்று விற்றால் என்ன கிடைக்குமோ அதையே எழுத வேண்டும். மூன்று, பூர்விகச் சொத்தில் உள்ள பங்கை மறந்துவிடுவது. பாகம் பிரிக்காத சொத்தாயினும் குறிப்பிட வேண்டும்.

ஒவ்வொரு கடனுக்கும் கொடுத்தவர் பெயர், முழு முகவரி, வாங்கிய நாள், அசல், வட்டி, இதுவரை கட்டியது, அடமானம் உண்டா, ஜாமீன் யார், வழக்கு நிலுவையில் உள்ளதா ஆகியவற்றை எழுத வேண்டும். வங்கிக் கணக்கு அறிக்கை, ஜி.எஸ்.டி. தாக்கல்கள், பில் புத்தகம், கூலிப் பதிவேடு, வக்கீல் நோட்டீசுகள், சம்மன்கள் யாவற்றையும் ஒரே கோப்பில் சேர்க்க வேண்டும். கணக்குப் புத்தகத்தை நீதிமன்றத்தில் காட்டுவது கடனாளியின் கடமை. முந்தைய மூன்றாண்டுகளுக்கு முறையான வணிகக் கணக்கு வைக்காதது, பின்னர் முழு விடுவிப்பு மறுக்கப்படுவதற்கு ஒரு காரணம் ஆகலாம்.

செய்யக் கூடாதவை

'மனுப் போடுமுன் வீட்டை மனைவி பெயருக்கு மாற்றிவிடு' என்பது அடிக்கடி கேட்கப்படும் அறிவுரை. இதைவிடக் கெடுதலான அறிவுரை இல்லை. உரிய விலை பெறாமல் செய்த மாற்றம், அதற்குப் பின் இரண்டாண்டுக்குள் மனு தாக்கலாகி ஆணையும் பிறந்தால் நீதிமன்றத்தால் நீக்கப்படும் (பிரிவு 53). மனுவுக்கு முந்தைய மூன்று மாதத்துக்குள், மற்றவர்களை விட்டுவிட்டு வேண்டிய ஒருவருக்கு மட்டும் சாதகமாகக் கடனைத் தீர்ப்பதும் செல்லாது என அறிவிக்கப்படலாம் (பிரிவு 54). சொத்தை மறைத்தல், கணக்கை அழித்தல் ஆகியவை ஓராண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றங்கள் (பிரிவு 69).

திருப்பித் தர முடியாது என்று தெரிந்தபின் புதிதாகக் கடன் வாங்குவதும் விடுவிப்பைப் பாதிக்கும். இயந்திரங்களை இரவில் வேறிடத்துக்கு மாற்றுவதும் அப்படியே. அவை வங்கிக்கு அடமானமாக இருந்தால் தனிக் குற்ற வழக்கும் வரக்கூடும்.

மனுவில் இடம்பெற வேண்டியவை

மனுவைத் தமிழிலேயே எழுதலாம். சட்டத்தின் 13-ஆம் பிரிவு கேட்கும் செய்திகள் இவை.

1. கடன்களைத் தீர்க்க இயலவில்லை என்ற கூற்று.
2. குடியிருக்கும் இடமும் தொழில் செய்யும் இடமும்.
3. கைதோ ஜப்தியோ இருந்தால், எந்த நீதிமன்றம், எந்த வழக்கு என்ற விவரம்.
4. எல்லாக் கடன்களின் தொகையும் விவரமும், கடன் கொடுத்தவர்களின் பெயர், முகவரியுடன்.
5. எல்லாச் சொத்துகளின் விவரம், மதிப்பு, இருக்கும் இடம்.
6. சட்டம் விலக்களித்தவை தவிர்த்த எல்லாச் சொத்துகளையும் நீதிமன்றத்திடம் ஒப்படைக்க விருப்பம் என்ற உறுதிமொழி.
7. இதற்குமுன் நொடிப்பு மனு தாக்கல் செய்ததுண்டா, அதன் முடிவு என்ன என்ற விவரம்.

இவற்றுடன், நொடிப்பு எவ்வாறு நேர்ந்தது என்பதைக் காலவரிசையில் ஒரு பக்க அளவில் சொல்வது பயன்தரும். 'இன்ன மாதம் ஆர்டர் ரத்தானது, இன்ன மாதம் பில் தொகை வரவில்லை' என்று நாளும் தொகையுமாக எழுதினால் போதும். இறுதியில் மனுதாரர் கையொப்பமிட்டு, கூறியவை உண்மை என்று சரிபார்ப்பு உறுதியும் எழுத வேண்டும்.

விலக்களிக்கப்பட்டவை எவை என்பதை உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவு கூறுகிறது. தேவையான உடைகள், சமையல் பாத்திரங்கள், படுக்கை, சமய வழக்கப்படி ஒரு பெண் பிரியக் கூடாத அணிகலன், கைவினைஞரின் கருவிகள், தொழிலாளியின் கூலி முதலியன அதில் அடங்கும். தாலியையும் சோற்றுப் பானையையும் எவரும் எடுத்துச் செல்ல முடியாது. தையல்காரர் ஒருவர் தம் கையால் தைத்துப் பிழைக்கும் இயந்திரம் கருவியாகக் கருதப்பட வாய்ப்புண்டு. ஆள் வைத்து நடத்தும் பத்து இயந்திரங்களுக்கு இவ்விலக்கை எதிர்பார்க்க இயலாது.

தாக்கல் முதல் விசாரணை வரை

மனு, கடன் அட்டவணை, சொத்து அட்டவணை, பிரமாணப் பத்திரம், ஆவண நகல்கள் ஆகியவற்றை நீதிமன்றக் கட்டண வில்லையுடன் தாக்கல் பிரிவில் கொடுக்க வேண்டும். கடன் கொடுத்தவர் ஒவ்வொருவருக்கும் ஒரு நகலும், அறிவிப்பு அனுப்புவதற்கான பேட்டாவும் தேவைப்படும். கட்டணத்தை அலுவலகத்திலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

குறை இருந்தால் மனு 'ரிட்டர்ன்' ஆகும். இது தள்ளுபடி அன்று. குறிப்பில் கண்ட குறையைச் சரிசெய்து, தரப்பட்ட கெடுவுக்குள் மீண்டும் தாக்கல் செய்ய வேண்டும். வழக்கறிஞர் இல்லாதவர்கள் பலர் இந்தக் கட்டத்தில் மனம் தளர்ந்து விட்டுவிடுகின்றனர்.

மனு ஏற்கப்பட்டதும் ஐ.பி. எண் கிடைக்கும். நீதிமன்றம் விசாரணை நாளைக் குறித்து, கடன் கொடுத்தவர்களுக்கு அறிவிப்பு அனுப்பி, அரசிதழிலும் வெளியிடச் செய்யும். இடைக்காலப் பொறுப்பாளரை நியமிக்கவும் செய்யலாம்.

விசாரணையில் கடனாளி நேரில் வர வேண்டும். தீர்க்க இயலாமைக்கு முதல் நோக்கில் ஏற்கத்தக்க சான்று காட்டினால் போதும் என்கிறது 24-ஆம் பிரிவு. கடன் கொடுத்தவர்கள் குறுக்கு விசாரணை செய்யலாம். 'நிலத்தை ஏன் விற்றாய், பணம் எங்கே போயிற்று' என்ற கேள்விகள் கட்டாயம் வரும். கோப்பில் உள்ள தாளைக் காட்டிப் பதில் சொல்வதே தக்க முறை.

ஆணையும் அதன் விளைவும்

நீதிமன்றம் மனுவை ஏற்று ஒருவரை நொடித்தவர் என அறிவித்தால், அவர் சொத்து நீதிமன்றத்துக்கோ, ரிசீவர் எனப்படும் பொறுப்பாளருக்கோ உரியதாகும். ரிசீவர் அதை விற்றுப் பங்கிடுவார். அதன்பின் கடன் கொடுத்தவர் எவரும் நீதிமன்ற அனுமதி இன்றி அக்கடனுக்காகப் புது வழக்குப் போட முடியாது. கடனாளி கேட்டால் கைதிலிருந்து காக்கும் பாதுகாப்பு ஆணையையும் (பிரிவு 31) நீதிமன்றம் வழங்கலாம்.

பங்கீட்டில் அரசுக்கும் உள்ளாட்சிக்கும் சேர வேண்டியவையும், மனுவுக்கு முந்தைய நான்கு மாதக் கூலியும் முன்னுரிமை பெறும். ஆனால் அக்கூலிக்கான முன்னுரிமை வரம்பு தொழிலாளி ஒருவருக்கு ரூ.20 மட்டுமே. மேலே கண்ட எடுத்துக்காட்டில் தையல்காரர்களின் ரூ.62,000 ஏறத்தாழ முழுவதும் மற்றக் கடன்களோடு வரிசையில் நிற்கும். நூற்றாண்டு பழைய சட்டத்தின் குறை இங்கே வெளிப்படுகிறது.

விடுவிக்கப்படாத நொடித்தவர் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினராக முடியாது. தம் நிலையைச் சொல்லாமல் ரூ.50 அல்லது அதற்கு மேல் கடன் வாங்குவதும் குற்றம்.

விடுவிப்பு: மறக்கக் கூடாத இரண்டாம் மனு

நொடித்தவர் என்ற ஆணையோடு கடன் தீர்ந்துவிடுவதில்லை. அந்த ஆணையிலேயே, விடுவிப்புக்கு விண்ணப்பிக்க ஒரு காலக்கெடு குறிக்கப்படும். அதற்குள் தனியே விண்ணப்பிக்க வேண்டும். தவறினால் ஆணையே நீக்கப்படும் (பிரிவு 43). மீண்டும் மனுச் செய்ய நீதிமன்ற அனுமதி தேவைப்படும். கெடு போதாதெனில் அது முடியுமுன் நீட்டிப்புக் கேட்கலாம். ஆணை கிடைத்த அன்றே அந்நாளை வீட்டு நாட்காட்டியில் குறித்து வைப்பது நல்லது.

சொத்து, கடனில் ரூபாய்க்கு 50 காசு அளவுக்குக்கூட இல்லையெனில், அது தம் பொறுப்புக்கு அப்பாற்பட்ட காரணத்தால் நேர்ந்தது என்று கடனாளி காட்ட வேண்டும். சூதாட்டம், ஊதாரித்தனம், கண்மூடித்தனமான ஊக வாணிகம் ஆகியவற்றால் நொடித்திருந்தால் முழு விடுவிப்பு கிடைக்காது. நிபந்தனையுடன் விடுவிக்கவும், விடுவிப்பைத் தள்ளிவைக்கவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு.

நொடிப்பு மனுவால் தீராதவை

அடமானக் கடன்: வங்கி தன் அடமான உரிமையை இழப்பதில்லை. 2002-ஆம் ஆண்டின் சர்பாசி சட்டப்படி 60 நாள் அறிவிப்புக் கொடுத்து, அடமானச் சொத்தின்மீது நடவடிக்கை எடுக்கலாம். அதற்கு எதிரான முறையீட்டுக்குக் கடன் வசூல் தீர்ப்பாயம் கோயம்புத்தூரில் உள்ளது.

காசோலை வழக்கு: பணமின்றித் திரும்பிய காசோலைக்கான 138-ஆம் பிரிவு வழக்கு குற்ற வழக்கு ஆகும். நொடிப்பு மனுவைக் காட்டி அதை நிறுத்த முடியாது. இரண்டாண்டு வரை சிறையோ, காசோலைத் தொகையின் இருமடங்கு வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

ஜாமீன்தாரர்: கடனாளி விடுவிக்கப்பட்டாலும் ஜாமீன் கையெழுத்திட்டவர் விடுபடுவதில்லை. மைத்துனரோ நண்பரோ ஜாமீன் போட்டிருந்தால் மனுவுக்கு முன்பே அவரிடம் சொல்லிவிடுவது முறை.

பிற: அரசுக்குச் சேர வேண்டிய கடன், மோசடியால் ஏற்பட்ட கடன், மனைவி மக்களுக்கான ஜீவனாம்சம் ஆகியவை விடுவிப்புக்குப் பின்னும் நீடிக்கும்.

கம்பெனிக் கடனுக்கு உத்தரவாதம் அளித்தவர்

குடும்பத்தினர் இயக்குநர்களாக உள்ள தனியார் நிறுவனங்கள் வங்கிக் கடன் பெறும்போது இயக்குநர்கள் தனிப்பட்ட உத்தரவாதமும் அளிப்பது வழக்கம். அத்தகையவருக்கு 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பு பொருந்தும். அவர் தாமே மனுச் செய்யவும் 94-ஆம் பிரிவு இடமளிக்கிறது. கம்பெனி மீதான நொடிப்பு நடவடிக்கை நிலுவையில் இருந்தால் அது தேசியக் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வுக்குச் செல்லும். இவ்விதிகள் செல்லும் என உச்ச நீதிமன்றம் 2021 மே மாதத்திலும் 2023 நவம்பரிலும் தீர்ப்பளித்தது. இந்நடைமுறை சிக்கலானது. வழக்கறிஞர் இன்றி இதில் இறங்குவது உகந்ததன்று.

இலவச உதவி

தாமே தொடங்குவது வேறு, இறுதிவரை தனியே நடத்துவது வேறு. எதிர்ப்புக் கடுமையாக இருந்தாலோ, மோசடிக் குற்றச்சாட்டு எழுந்தாலோ, கைது ஆணை பிறந்தாலோ சட்ட உதவி தேவை. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி, பெண்கள், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள் ஆகியோருக்கு வருமான வரம்பின்றி இலவச வழக்கறிஞர் கிடைப்பார். மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. திருப்பூர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். தேசிய உதவி எண் 15100.

ஒப்பீட்டுக்கு, அமெரிக்காவில் திவால் மனுவுக்கான படிவங்களை நீதிமன்றமே வெளியிடுகிறது. மனுச் செய்வதற்கு முந்தைய 180 நாளுக்குள் கடன் ஆலோசனை பெறுவது அங்கே கட்டாயம். இங்கிலாந்தில் சிறு கடனாளிகளுக்கென 2009 முதல் எளிய கடன் நிவாரண ஆணை முறை உள்ளது. இந்தியாவில் அத்தகைய எளிய முறை சட்டத்தொகுப்பில் எழுதப்பட்டும் நடைமுறைக்கு வராதிருப்பதால், கடனாளி தயாரிக்கும் பட்டியலே படிவத்தின் இடத்தை நிரப்புகிறது.

பரவலான தவறான நம்பிக்கைகள்

'மஞ்சள் கடுதாசி கொடுத்த அன்றே எல்லா வழக்கும் நின்றுவிடும்': தவறு. முழுப் பாதுகாப்பு, நொடித்தவர் என்ற ஆணைக்குப் பின்பே வருகிறது. ஆயினும் ஜப்தியான சொத்து ஏலத்துக்கு வருமுன், மனு ஏற்கப்பட்ட செய்தியை அந்த நீதிமன்றத்துக்குத் தெரிவித்தால் சொத்தை ரிசீவரிடம் ஒப்படைக்க அது ஆணையிடும் (பிரிவு 52).

'கடன் கட்டாவிட்டால் சிறை': பொதுவாகத் தவறு. பணத் தீர்ப்புக்காக உரிமையியல் சிறையில் அதிக அளவாக மூன்று மாதம் வைக்கச் சட்டம் இடமளிக்கிறது. பெண்களை அவ்வாறு கைது செய்யவே முடியாது. வசதி இருந்தும் கெட்ட எண்ணத்துடன் கட்ட மறுத்தவரையன்றி, இல்லாமையால் கட்ட முடியாதவரைச் சிறையிலடைப்பது அரசியலமைப்புக்கு முரண் என்று உச்ச நீதிமன்றம் 1980-இல் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் கூறியது. அவ்வாறு கைதாகி வருபவரிடம், நொடிப்பு மனுச் செய்யலாம் என்று நீதிமன்றமே எடுத்துச் சொல்ல வேண்டும் என்பதும் சட்டம்.

'மனைவி மக்களின் சொத்தும் போய்விடும்': தவறு. அவர்கள் தம் பணத்தில் வாங்கியது அவர்களுக்கே உரியது. கடனாளி அவர்கள் பெயருக்கு அண்மையில் மாற்றியதே கேள்விக்கு உள்ளாகும்.

'நொடித்தவர் இனித் தொழில் செய்யவே முடியாது': தவறு. கூலிக்கு உழைக்கத் தடை இல்லை. விடுவிப்புப் பெற்றபின் சொந்தத் தொழிலும் தொடங்கலாம்.

கடன் நெருக்கடியால் உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தோன்றுவோர் 104 என்ற தமிழக அரசின் உதவி எண்ணையோ, 14416 என்ற தேசிய மனநல உதவி எண்ணையோ எந்நேரமும் அழைக்கலாம். கடனுக்குச் சட்டத்தில் ஒரு முடிவு இருக்கிறது. அது தொடங்கும் இடம், விடுபாடு இல்லாமல் எழுதிய அந்த இரண்டு பட்டியல்களே.